42 டிகிரி வெயிலில் பெட்ரோல் ஏன் சும்மா இருக்கிறது?

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு சத்துவாச்சாரி மாமாவிடமிருந்து போன். மே மாதத்தில் அந்த நேரத்துக்கு வேலூரில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். தரையில் தண்ணீர் தெளித்து, துண்டை விரித்து, ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருப்பார்கள்.

"இன்னாப்பா, வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்துக்கிது. வெயில் ஜாஸ்தியாம். டேங்க் ஃபுல் பண்ணா வண்டி வெடிச்சிடுமாம், பாதிதான் போடணுமாம். நெசமா?"

"வெடிக்காது மாமா."

"அதெப்படி அவ்ளோ கரெக்டா சொல்ற? வெளிய 42 டிகிரி. ஸ்கூட்டர் சீட்ல கை வெக்க முடியல."

நியாயமான கேள்விதான். வெடிக்காது என்று சொல்வது சுலபம். ஏன் வெடிக்காது என்று சொல்ல, தீ பிடிப்பது என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனில் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோலைப் பற்றிப் பேசும்போது இரண்டு வெப்பநிலைகள் அடிபடும். ஒன்று, யாராவது நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவி விடத் தொடங்கும் சூடு. பெட்ரோலுக்கு இது சைபருக்குக் கீழே 40 டிகிரி வாக்கில் இருக்கிறது. நம் ஊர் மார்கழிப் பனியில்கூட பெட்ரோல் எப்போதும் தயாராகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, யாரும் நெருப்பே காட்டாமல் தானாகப் பற்றும் சூடு. அது 250 டிகிரிக்கும் மேலே. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் முதல் எண்ணின் பயத்தை இரண்டாவது எண்ணின் மேல் ஏற்றிவிடுகின்றன. வெயில் இரண்டாவது எண்ணின் பக்கத்தில்கூடப் போவதில்லை.

சரி, அந்த 250 எங்கிருந்து வந்தது? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் ஆவியும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆனால் ஏகப்பட்ட ஆற்றல் வெளியே வரும். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது மாதிரி, போக வேண்டிய திசை அதுதான். அப்படியென்றால் பங்க்கில் பெட்ரோல் போடும்போது ஆவியும் காற்றும் கலந்த அந்த நொடியே எரிந்திருக்க வேண்டாமா? எரியவில்லையே. பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆர்டர் பாஸ் ஆகிவிட்டது என்பார்கள், ஃபைல் மட்டும் நகராது. ஆர்டர் உண்டா இல்லையா என்று சொல்வது வெப்ப இயக்கவியல். ஃபைல் எப்போது நகரும் என்று சொல்வது வேதிவினை வேகவியல். தீயைப் புரிந்துகொள்ள இரண்டாவதுதான் வேண்டும். எரிவது என்பதே ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் எடுப்பதுதான்.

ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறதா? ஆமாம், மாமாவின் டேங்க்குக்குள்ளும்தான். எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு கணக்கு போடலாம்.

காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. மோதினால் மட்டும் வினை நடந்துவிடாது. பழைய பிணைப்பை உடைக்கும் அளவுக்கு மோதலில் பலம் வேண்டும். வேலூர்க் கோட்டை மதிலுக்கு வெளியே ஊர் ஜனம் மொத்தமும் நின்று ஆளுக்கொரு பந்தை உள்ளே எறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட எல்லாப் பந்தும் மதிலில் பட்டு அகழியில் விழும். கையில் அசுர பலம் உள்ள யாரோ ஒருத்தர் எறிந்தது மட்டும் தாண்டும். அந்த மதிலின் உயரத்துக்குப் பாடப்புத்தகப் பெயர் கிளர்வு ஆற்றல். வெப்பநிலை என்பது கூட்டத்தின் சராசரி கைபலம். சராசரி கொஞ்சம் கூடினால் போதும், மதிலைத் தாண்டும் பந்துகளின் எண்ணிக்கை பல மடங்காகும். ஏனென்றால் தாண்டுவது சராசரி ஆள் அல்ல, ஓரத்தில் நிற்கும் அந்த அசாத்தியமான சிலர்தான். இதைச் சூத்திரமாக எழுதி 1889-ல் விளக்கியவர் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ்.

அவர் சூத்திரத்தில் எண்ணைப் போடுவோம். எரிபொருள் வினைகளுக்கு மொத்தமாக ஒரு மோலுக்கு 150 கிலோஜூல் உயர மதில் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அளவு, கிலோஜூல் ஆற்றலை அளக்கும் அளவு) என்று எடுத்துக்கொள்வது வழக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 27 டிகிரி காலையிலிருந்து 42 டிகிரி மத்தியானத்துக்குப் போனால் வினையின் வேகம் ஏறக்குறைய 17 மடங்கு கூடுகிறது. பார்த்தீர்களா, மாமா பயந்தது சரிதான் போல என்று தோன்றும். பொறுங்கள். அதே வினை 427 டிகிரியில் ஒரு நொடியில் முடிகிறது என்று வைத்தால், 42 டிகிரியில் முடிய எவ்வளவு நேரம் ஆகும்? 15 லட்சம் வருஷம். காலை 27 டிகிரியிலேயே இருந்தால் அதைவிட 17 மடங்கு, அதாவது இரண்டரைக் கோடி வருஷம். இரண்டரைக் கோடி வருஷத்திலிருந்து 15 லட்சம் வருஷத்துக்கு இறக்கியதுதான் அக்னி நட்சத்திரத்தின் சாதனை.

இது முரட்டுக் கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே மதில், ஒரே தாவல் என்று வைத்துப் போட்டது. நிஜத்தில் ஒரு பெட்ரோல் மூலக்கூறும் ஆக்சிஜனும் நேருக்கு நேர் மோதி ஒரே அடியில் எரிந்துவிடுவதில்லை. நடுவில் ஆயிரக்கணக்கான குட்டி வினைகள் இருக்கின்றன. கணினியில் பெட்ரோல் எரிவதைக் கணக்கிடுகிறவர்கள் அத்தனையையும் பட்டியல் போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். நமக்கு அத்தனை வேண்டாம். எரிபொருள்களிலேயே எளிதான ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டால் மூன்று வினை போதும், சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

ஹைட்ரஜன் வாயுவில் அணுக்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் ஒரு ஜோடி பிரிந்து தனி அணு ஒன்று சுற்றுகிறது. இப்படிக் கை ஒன்று காலியாகத் திரிகிறவற்றைத் தனி உறுப்பு என்கிறது பாடப்புத்தகம். யாரையாவது பிடித்தே ஆகவேண்டிய அவசரம் அதற்கு. அது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறில் மோதி, ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சில் ஆகிறது. ஜோடியை இழந்த மற்ற ஆக்சிஜன் அணுவுக்கும் இப்போது கை காலி. அது போய் ஒரு ஹைட்ரஜன் ஜோடியைப் பிரிக்கிறது. இன்னொரு ஹைட்ராக்சிலும் ஒரு தனி ஹைட்ரஜனும் பிறக்கின்றன. இரண்டு ஹைட்ராக்சிலும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் ஜோடியைப் பிடித்துத் தண்ணீர் ஆகின்றன, ஆளுக்கொரு தனி ஹைட்ரஜனை வெளியே விடுகின்றன. சுற்று முடிந்தது. உள்ளே போனது ஒரு தனி ஹைட்ரஜன், வெளியே வந்தவை மூன்று.

லாங் பஜாரில் காலையில் ஒருத்தர் மூன்று பேரிடம் ஒரு சேதி சொல்கிறார், ஒவ்வொருத்தரும் மூன்று பேரிடம். மத்தியானத்துக்குள் காட்பாடி வரை தெரிந்துவிடும் இல்லையா, அதே கதை. ஒன்று மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, 50 சுற்று போனால் 7-க்குப் பின்னால் 23 சைபர். கைப்பிடி அளவு பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு அது சமம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரமோ நொடியில் மிகச் சின்னப் பின்னம். வெடிப்பு என்பது இதுதான். இதற்குக் கிளைச் சங்கிலி வினை என்று பெயர்.

ஆனால் சேதி எப்போதும் பரவிவிடுவதில்லையே. கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அதோடு நின்றுவிடும். தனி உறுப்புகளுக்கும் அப்படித்தான் சாவு வருகிறது. பாத்திரத்தின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டால் போயிற்று. இல்லாவிட்டால், தனி ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மோதும் அதே நேரத்தில் மூன்றாவது மூலக்கூறு ஒன்று நடுவில் வந்து இடித்து, மிச்ச ஆற்றலை வாங்கிக்கொண்டு போய்விடும். அப்போது பிறப்பது ஒரு சோம்பேறி உறுப்பு, அது சட்டென்று யாரையும் பிடிக்காது. குளிர்ந்த கலவையில் இந்தச் சாவுகள்தான் ஜெயிக்கும். சூடு ஏற ஏற, ஆக்சிஜனைப் பிளக்கும் அந்த முதல் வினை ஜெயிக்கும், ஏனென்றால் அதற்குத்தான் சூட்டின் பலம் அதிகம் தேவைப்படுகிறது.

பிறப்பு சாவைவிட ஒரு நூல் அதிகமானால் தீ. ஒரு நூல் குறைந்தால் ஒன்றுமே இல்லை. கொஞ்சமாகப் பற்றுவது என்று நடுவில் ஒன்று கிடையாது. தீ சட்டென்று பிடிப்பதன் காரணம் இந்தக் கத்தி முனைதான்.

இதைக் கண்டுபிடித்த கதைக்கும் நம் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. (இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு துண்டாகிவிட்டது. என் அப்பா இன்றைக்கும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார்.) 1926 வாக்கில் லெனின்கிராடில் நிக்கோலாய் செமியோனோவின் ஆய்வகத்தில் காரிட்டன், வால்டா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் பாஸ்பரஸ் ஆவியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் விட்டுப் பார்த்தார்கள். ஓர் அளவு வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. அளவைக் கொஞ்சம் தாண்டியதும் சட்டென்று ஒளி. அதைவிட வேடிக்கை, எதோடும் சேராத ஆர்கான் வாயுவை உள்ளே விட்டாலும் ஒளி வந்தது. வினைவேகத் துறையில் அன்றைக்குப் பெரிய தலையான ஜெர்மனியின் போடன்ஸ்டைன், இது ஏதோ சோதனைப் பிழை என்று ஒதுக்கிவிட்டார். செமியோனோவ் விடவில்லை. தானே திரும்பச் செய்து பார்த்தார், அதே விடை. பெரிய பாத்திரத்தில் செய்தால் இன்னும் சுலபமாகப் பற்றியது. அப்போதுதான் பொறி தட்டியது. சங்கிலி சுவரில் போய்ச் சாகிறது. சுவர் தூரமாக இருந்தால் சாகாது. ஆர்கான் கூட்டமாக நின்று வழியை மறித்து, சுவருக்குப் போகவிடாமல் தாமதப்படுத்துகிறது. இந்த வேலைக்காக 1956-ல் இங்கிலாந்தின் சிரில் ஹின்ஷெல்வுட்டோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சோதனை செய்த காரிட்டன்தான் பிற்காலத்தில் சோவியத் அணுகுண்டு வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர். சங்கிலி வினையைச் சின்ன வயதிலேயே கையில் பிடித்துப் பார்த்த ஆள்.

சொந்தம் என்று சொன்னது பாஸ்பரஸ். அம்மாவின் ஊர் குடியாத்தம். தீப்பெட்டி, பீடி, லுங்கி மூன்றுக்கும் பேர்போன ஊர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் சித்தி திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டிருப்பார். அள்ளும் ஒரு கைக்குள் பெட்டிக்குத் தேவையான குச்சி கிட்டத்தட்ட சரியாக வந்திருக்கும். எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஒரு தீக்குச்சியை உரசும்போது நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், இதுவரை சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், ஆக்சிஜனை மூட்டை கட்டி வைத்திருக்கும் உப்பு அது. கூடவே கந்தகம், கண்ணாடித் தூள், பசை. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். இந்தக் குளோரேட்டும் பாஸ்பரசும் ஒரே இடத்தில் இருந்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும். அதனால்தான் ஒன்றைக் குச்சியிலும் ஒன்றைப் பெட்டியிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் தீக்குச்சி என்று பெயர் வந்ததே இந்தப் பிரிவினையால்தான். உரசும்போது ஊசிமுனை அளவு இடத்தில் சூடு ஏறி, சிவப்புப் பாஸ்பரசில் துளி வெள்ளைப் பாஸ்பரசாக மாறுகிறது. வெள்ளைப் பாஸ்பரஸ் காற்றில் 30 டிகிரி வாக்கிலேயே பற்றிக்கொள்ளும், அதைத் தண்ணீருக்குள் போட்டு வைப்பது அதனால்தான். பெட்ரோலைப் பார்த்து பயந்த மாமா பயந்திருக்க வேண்டியது இதற்கு. வேலூர் மே மாத நிழலே அதற்குப் போதும்! அந்தத் துளி எரிந்த சூட்டில் குளோரேட் தன் மூட்டையை அவிழ்க்கிறது. கந்தகம் பிடிக்கிறது. அது குச்சியில் ஊறிய மெழுகை ஆவியாக்குகிறது. மெழுகின் சுடர் மரத்தைச் சுட்டு அதிலிருந்து வாயுவைக் கிளப்புகிறது. சுடராக எரிவது மரமல்ல, மரம் விட்ட வாயுதான். மெழுகு முக்காத குச்சியாக இருந்தால் தலை மட்டும் சீறிவிட்டு அணைந்துபோகும். தாழ்ந்த மதிலில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக உயர்ந்த மதிலுக்கு ஏற்றிவிடும் ஏணி அது.

அப்படியென்றால் பங்க்கில் ஏன் இவ்வளவு எச்சரிக்கைப் பலகை? ஏனென்றால் மொத்தப் பெட்ரோலையும் 250 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மிளகு அளவு இடத்தை மட்டும் ஒரு கணம் பல ஆயிரம் டிகிரிக்கு ஏற்றினால் போதும். பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால், பற்றவைக்க வேண்டிய பொறியின் ஆற்றல் சுமார் கால் மில்லிஜூல். ஓர் அரிசியைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்க ஆகும் உழைப்பு, அவ்வளவேதான். பாலியஸ்டர் துணி உரசி உடம்பில் ஏறும் மின்னூட்டம் விரலில் சுரீரென்று அடிக்குமே, அதிலேயே இதைவிட அதிகம் இருக்கும்.

அந்தக் குட்டி இடத்தில் பற்றிய தீ, பக்கத்து அடுக்குக்குச் சூட்டையும் தனி ஹைட்ரஜன்களையும் அனுப்பி வைக்கிறது. பக்கத்து அடுக்கு அதற்கு அடுத்ததற்கு. சுடர் நகர்வது இப்படித்தான். அசையாத காற்றில் சமையல் வாயுச் சுடர் நொடிக்கு 40 சென்டிமீட்டர் வாக்கில்தான் நகரும், நாம் நடப்பதைவிட மெதுவாக. அடுப்பின் துளைகளிலிருந்து வாயு வரும் வேகமும், சுடர் பின்னோக்கி ஊரும் வேகமும் சமமாகும் இடத்தில்தான் அந்த நீலப் பற்கள் வரிசையாக நிற்கின்றன. அடுப்பை அணைக்கும்போது சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? வாயுவின் வேகம் குறைந்ததும் சுடர் ஜெயித்து, துளை வழியாக பர்னருக்குள் இறங்கிவிட்ட சத்தம் அது. துளை இன்னும் சின்னதாக இருந்தால் இறங்க முடியாது. சுவர் சூட்டையும் உறுப்புகளையும் விழுங்கிவிடும். செமியோனோவுக்கு நூறு வருஷம் முன்பே, 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளிகளின் விளக்கைக் கம்பி வலையால் மூடியதும் இதை நம்பித்தான்.

அப்புறம் ஏலகிரி. பொன்னேரியிலிருந்து மேலே போகும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு புலவர்கள், வள்ளல்கள் பெயர். கல்யாணமான புதிதில் என் பழைய பைக்கில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் வீறாப்பாக ஏற்றினேன். ஐந்தாவது வளைவிலேயே இன்ஜினுக்குள் யாரோ சில்லறையை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். மெக்கானிக்குகள் 'இன்ஜின் தட்டுது' என்பார்கள். நான் கியரைக் குறைத்தேன். சத்தம் நின்றது. அந்தத் தட்டல் என்ன என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

பிளக்கில் பொறி விழுந்ததும் சுடர் அங்கிருந்து கிளம்பி சிலிண்டரின் மறுகோடிக்குப் போக வேண்டும். போவதற்குள், மூலையில் தன் முறைக்காகக் காத்திருக்கும் கலவை அழுத்தத்தால் நசுங்கிச் சூடாகிறது. சுடர் வந்து சேர்வதற்கு முன் அது பொறுமை இழந்து தானாகவே, மொத்தமாகப் பற்றினால் அதுதான் தட்டல். கவனியுங்கள், இங்கேயும் இரண்டு வேகங்களுக்கு நடுவே ஒரு பந்தயம்தான் நடக்கிறது. மேட்டில் மெதுவாகச் சுற்றும் இன்ஜின் கலவைக்குக் காத்திருக்க அதிக நேரம் கொடுத்துவிடுகிறது. கியரைக் குறைத்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், காத்திருக்கும் நேரம் குறையும், பாரமும் குறையும்.

எந்த எரிபொருள் எவ்வளவு பொறுமைசாலி என்பதுதான் ஆக்டேன் எண். சாதாரண பெட்ரோலுக்கு நம் நாட்டில் பல வருஷம் அது 91-ஆக இருந்தது. நேர்ச் சங்கிலியாக நீண்ட ஹெப்டேனுக்கு 0, கிளை கிளையாகச் சுருண்ட ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று வைத்து அளக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. முக்கிய வித்தியாசம் வடிவத்தில்தான். நீண்ட சங்கிலியில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஒட்டிக்கொண்டால், அந்தச் சங்கிலி பாம்பு வாலைக் கடிப்பது போல வளைந்து, தன் உடம்பிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அதில் பிறப்பதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று வினை நடந்தால், ஒரு உறுப்பு பலவாகிறது. கிளை ஆரம்பித்துவிட்டது. கிளைகளோடு கட்டையாக இருக்கும் ஐசோ ஆக்டேனால் அவ்வளவு வசதியாக வளைய முடியாது, அதன் ஓரத்து ஹைட்ரஜன்களும் இறுக்கமாகப் பிடித்திருக்கும். அதனால் பொறுமை.

இதில் அர்ரீனியஸையே குழப்பும் ஒரு விஷயம் உண்டு. சில நூறு டிகிரிக்கு நடுவே ஓர் இடைவெளியில், சூடு ஏறினால் வினை மெதுவாகும்! காரணம் லேசானது. ஒட்டிக்கொண்ட அந்த ஆக்சிஜன், சூடு கூடினால் வளைந்து பிடுங்குவதற்கு முன்பே கழன்று விழுந்துவிடுகிறது. இன்னும் மேலே, 700 டிகிரியைத் தாண்டும்போது கதை மறுபடி மாறுகிறது. அதுவரை சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு (ஆமாம், புண் கழுவுகிறோமே, அதே பொருள்) ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ராக்சிலாக உடைகிறது. அதற்கு மேல் யாராலும் நிறுத்த முடியாது. டீசல் இன்ஜினில் பொறியே கிடையாது. காற்றை 16, 18 மடங்கு நசுக்கி வரும் சூட்டில் டீசலைத் தெளித்துவிட்டு, சில மில்லிநொடி இந்த நாடகம் முடியக் காத்திருக்கிறார்கள். அங்கே பொறுமை இல்லாத எரிபொருள்தான் நல்ல எரிபொருள். பெட்ரோல் வண்டியில் டீசல் போட்டால் ஏன் சரிப்படாது என்பதற்கு இது ஒரு பாதிக் காரணம்.

பொறுமையை மருந்து கொடுத்தும் கூட்டலாம். பெட்ரோலில் ஒரு காலத்தில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். எரியும்போது அது நுண்ணிய ஈய ஆக்சைடுத் தூசாகி, தனி உறுப்புகள் வந்து ஒட்டிச் சாகும் சுவராக வேலை செய்தது. சிலிண்டருக்குள் லட்சக்கணக்கான குட்டிச் சுவர். இன்ஜினுக்கு நல்லது, குழந்தைகளின் மூளைக்குக் கேடு. இந்தியாவில் 2000-ல் நிறுத்தினார்கள். பங்க்கில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரில் உள்ள பவுடரும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. மூடி மறைப்பதோடு நில்லாமல் சங்கிலியையும் அறுக்கிறது.

சரி, மாமாவின் டேங்க். மூடிய டேங்க்கில் பெட்ரோலுக்கு மேலே இருக்கும் இடத்தில் இந்த வெயிலுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பெட்ரோல் ஆவியே நிறைந்திருக்கும். பெட்ரோல் எரிய, காற்றில் ஆவி ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் போதாது, பொறி விழுந்தாலும் பற்றாது. வெயில் ஏற ஏற டேங்க்குக்குள் ஆவி கூடத்தான் செய்யும், எரியும் எல்லையிலிருந்து இன்னும் விலகித்தான் போகும். ஆபத்து டேங்க்குக்கு உள்ளே இல்லை, மூடிக்கு வெளியே, ஆவி காற்றோடு கலந்து மெலிகிற இடத்தில் இருக்கிறது. கழுத்து வரை ததும்ப ஊற்றக் கூடாது என்பது மட்டும் உண்மை. 10 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடானால் 140 மில்லி பெருகும், ஒரு பெரிய டீ கிளாஸ் அளவு. அதற்கான இடத்தை வண்டி செய்தவர்களே விட்டிருக்கிறார்கள். நாசில் தானாக நின்ற இடத்தில் விட்டுவிட வேண்டும், "இன்னும் கொஞ்சம், ரவுண்டா" என்று கேட்கக் கூடாது. மாமா அப்படிக் கேட்கிற ஆள்.

எல்லாத் தீயும் உறுப்புகளின் கதை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் நடுவில் கை விட்டால் சுடும், நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே நுண்ணுயிர்கள் ஆரம்பித்து வைத்த சூடு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. பிறக்கும் சூடு, கழியும் சூடு என்ற கணக்கு அது. போர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து.

கரியின் கதை இன்னும் வேறு. கார்த்திகைக்குக் குடியாத்தம் பக்கம் மாவலி சுற்றுவோம். ஆண் பனையின் பூவைக் குழியில் போட்டுக் கொளுத்தி, மண்ணைத் தள்ளி மூடிக் கரியாக்கி, இடித்துத் தூளாக்க வேண்டும். பழைய பருத்தித் துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிறு மாட்டி, மேலே நெருப்புக் கங்கு ஒன்றை வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி மழை கொட்டும். கரியில் ஆவியாகும் சரக்கு எல்லாம் முன்பே போய்விட்டது. ஆக்சிஜன் தானே தேடி வந்து கரியின் மேல் பரப்பைத் தொட வேண்டும். கங்கின் சூட்டில் வினை அவ்வளவு வேகம், தொட்ட ஆக்சிஜன் உடனே தீர்ந்துவிடும். அடுத்தது வருவதற்குத்தான் தாமதம். வேகத்தைத் தீர்மானிப்பது இப்போது வேதியியல் அல்ல, காற்று. ஒரு மீட்டர் கயிற்றை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் அந்தப் பொட்டலம் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகக் காற்றில் நிற்கிறது. தூளாக்கியதும் சும்மா இல்லை. ஒரு சென்டிமீட்டர் கரித் துண்டை பத்தில் ஒரு மில்லிமீட்டர் துகளாக இடித்தால் ஆக்சிஜன் தொடக்கூடிய பரப்பு நூறு மடங்காகிறது.

போன வருஷம் சித்தி பேரன் கட்டிய மாவலி எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை. ஓரத்தில் மட்டும் சிவந்து மங்கியது. பையன் அழாத குறை. தாத்தா வாங்கி அமுக்கிப் பார்த்தார், செங்கல் மாதிரி இருந்தது. "இவ்ளோ இறுக்கினா அது எப்பிடிடா மூச்சு வுடும்" என்று கட்டில் இரண்டு சுற்றை அவிழ்த்துத் தளர்த்திவிட்டு, வாயால் ஊதி, அவன் கையில் கொடுத்தார். மூன்றாவது சுற்றிலேயே பொறி கிளம்பி, எதிர்வீட்டுத் திண்ணை வரை போய் விழுந்தது.